மேசையை யார் தொட்டது?

உதிரிபாகக் கடையிலிருந்து இரண்டு டிஸ்ப்ளேக்களும் ஒரு பேட்டரியும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, முன்னறை பளிச்சென்று இருந்தது. எது மாறியிருக்கிறது என்று முதலில் பிடிபடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் மேசை கண்ணில் பட்டது.

காலையில் கிளம்பும்போது அந்த மேசையில் ஆறு போன்கள் பிரிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு காந்தப் பாய். கழற்றிய ஸ்க்ரூக்களை, போனில் எந்த மூலையில் இருந்தனவோ அதே மூலையில் பாயிலும் வைத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. அவளுக்கு மட்டும் எது எங்கே போகும் என்று தெரியும்.

இப்போது ஆறு போன்களும் பெரியது கீழே, சிறியது மேலே என்று ஒரே அடுக்காக இருந்தன. பின்மூடிகள் தனி அடுக்கு. ஐந்து பாய்கள் சுருண்டு ஓரத்தில் இருந்தன. ஆறாவது பாயில் எல்லா ஸ்க்ரூக்களும், நீளமானதில் தொடங்கிக் குட்டையானதில் முடியும்படி, வரிசையாக நின்றன. எறும்புகூட அவ்வளவு நேராகப் போகாது.

"மேசையை யார் தொட்டது?" என்றாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

சமையலறையிலிருந்து சின்னவன் எட்டிப் பார்த்தான். முகத்தில் வேலையை முடித்தவனின் திருப்தி. "நான்தான் அண்ணி. முடிச்சுட்டேன்."

"என்னத்த முடிச்சீங்க?"

"மேசைய. காலையில சொன்னீங்கல்ல? 'இந்த மேசைய ஒழுங்குபண்ணா நல்லாருக்கும்'னு."

சொல்லியிருந்தாள்தான். கையில் பையை எடுத்துக்கொண்டு, வாசல்படியில் நின்று, யாரைப் பார்த்தும் அல்லாமல் ஒரு பெருமூச்சோடு விட்ட வார்த்தை அது. மழை வந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்வதில்லையா, அதுபோல. அதைக் கேட்டு யாராவது போய் மழையைக் கொண்டுவருவார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"அது சும்மா சொன்னது தம்பி!"

"சும்மான்னா?"

அவள் மேசைப் பக்கம் கையை நீட்டினாள். "ஆறு போனு! ஆறு பேரோட போனு! எந்த ஸ்க்ரூ எதுல போகும்னு இனிமே எந்தச் சாமி வந்து சொல்லும்? உனக்கு அறிவிருக்கா?"

அவளைவிட அவன் இரண்டு வயது மூத்தவன். கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறாள். இப்போது வாய் தவறி 'நீ' வந்துவிட்டது. அவன் அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. வலது உள்ளங்கையைக் காதோடு அழுத்திக்கொண்டு, தலை குனிந்தபடி தன் அறைப் பக்கம் போனான். கதவைச் சாத்தப் பார்த்தான். அது பாதிவரை வந்து, உள்ளே கிடந்த துணிக்குவியலில் மாட்டிக்கொண்டு நின்றது.

அந்தக் கதவைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிந்தது.

தெருவில் அவளுக்குப் பெயர் போன் டாக்டர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவள். பிறகு வீட்டு முன்னறையையே கடையாக்கிக்கொண்டாள். கணவன் வெளியூர்களுக்கு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருப்பான். அவன் தம்பிதான் சின்னவன். முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் அந்தப் பெயர் மாறவில்லை. மாமியார் இருந்தவரை அவரோடுதான் இருந்தான். அவர் போனபிறகு இங்கே வந்தான். 'கொஞ்ச நாளைக்கு' என்று கணவன் சொன்னான். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அவளும் கேட்கவில்லை.

சின்னவனுக்கு ஆட்டிசம் என்று நான்கைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். மாமியார் கடைசிவரை அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. "அவன் கொஞ்சம் சுத்தக்காரன், வேற ஒண்ணுமில்ல" என்பார். அவன் வந்த பிறகு அவள் போனில் தேடித் தேடிப் படித்தாள். படித்ததில் பாதி அவனுக்குப் பொருந்தியது, மீதி யாருக்கோ எழுதியதுபோல் இருந்தது.

வந்த முதல் வாரமே கோப்பைகளின் காதெல்லாம் ஒரே பக்கம் திரும்பின. பிறகு டப்பாக்களின் லேபிள்கள் சுவரைப் பார்க்கத் திரும்பின. எழுத்துகள் தன்னைப் பார்த்துக் கத்துவதுபோல் இருக்கின்றன என்றான். அவள் தேநீரில் உப்பைப் போட்டுக் குடித்துத் துப்பினாள். செருப்புகள், ஸ்பூன்கள், துணிக்கிளிப்புகள் என்று அவன் கைபடாத பொருள் இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவன் அறையைப் பார்த்தால்தான் அவளுக்குத் தாங்காது. அங்கே கால் வைக்க இடம் கிடையாது. சட்டைகள் ஒரு மலை. பைகள், காலி அட்டைப்பெட்டிகள், எங்கெங்கோ வாங்கிய ஒயர்கள், பாதி படித்த புத்தகங்கள், ஒற்றைச் சாக்ஸ்கள். கட்டிலில் அவன் படுக்க ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் இடம் இருக்கும். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் தன் வீட்டுக் கூரையைப் பார்க்காததுபோல் இருந்தது அவளுக்கு. அவனுக்கு வேலை வேறு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. அங்கே அவன் மடித்தால் அளவெடுத்து வெட்டியதுபோல் இருக்கும் என்று மேற்பார்வையாளரே சொல்லியிருக்கிறார்.

கணவனுக்குப் போன் போட்டாள். பின்னணியில் ஹாரன் சத்தம்.

"விடும்மா. அவன் அப்படித்தான்."

"அப்படித்தான்னு சொல்லிட்டு நீங்க லாரில ஏறிடுறீங்க. இறங்கி நின்னு பாக்குறது நான்."

"சரி, கோபப்படாத. அவனையே கேளேன். இவங்களுக்கெல்லாம் ஞாபகசக்தி பயங்கரமா இருக்குமாம். எது எங்க இருந்துச்சுன்னு கடகடன்னு சொல்லிடுவான்."

அவளுக்கும் அந்த நப்பாசை இருந்தது. பாதிக் கதவருகே போய் நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தம்பி, எடுத்து வைக்கும்போது எது எந்த போன் பக்கத்துல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல அண்ணி."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சேன். இல்ல. எனக்கு ஞாபகமெல்லாம் கம்மி. ஸ்கூல்லயும் எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க, பெருக்கல் கணக்குச் சொல்லச் சொல்லி. எனக்கு அதுவும் வராது." சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று குவியலுக்குள் கைவிட்டு ஒரே இழுப்பில் சீருடையை உருவி எடுத்தான். அது எப்படித்தான் கையில் அகப்பட்டதோ.

அன்று பகல் முழுக்க அவள் ஸ்க்ரூக்களோடு மல்லுக்கட்டினாள். இணையத்தில் ஒவ்வொரு மாடலின் படத்தையும் தேடி எடுத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ட்வீசரில் பிடித்து அளவுகோலில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுக்கொன்று மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் குட்டை போக வேண்டிய ஓட்டையில் நீளமானது போனால், அது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். பிறகு அந்தப் போன் பிழைப்பது கஷ்டம்.

நான்கு போன்களைச் சரியாக மூடிவிட்டாள். ஐந்தாவது, பள்ளிக்கூட வேன் டிரைவருடையது. கண் எரிந்தது, கழுத்து மரத்துப்போயிருந்தது. கடைசிக்கு முந்திய ஸ்க்ரூவை முடுக்கும்போது விரல்நுனியில் ஒரு சின்ன 'நறுக்'. கை அப்படியே நின்றது. போனை ஆன் செய்தாள். திரை இருட்டாகவே இருந்தது. பேட்டரியை மாற்றினாள், சார்ஜரைச் செருகினாள், திரையைக் கழற்றி வேறு திரையை மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

ட்வீசரை மேசையில் வீசி எறிந்தாள்.

சாயங்காலம் வேன் டிரைவர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் குரல் பெரிசு. "என்ன டாக்டரு, பேஷண்ட் எந்திரிச்சாச்சா?"

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. போர்டுல அடி. நாளைக்குப் பெரிய வொர்க்ஷாப்புக்கு அனுப்பிச் சரிபண்ணித் தர்றேன். அதுவரைக்கும் என்னோட பழைய போன வச்சுக்கங்க."

"ஸ்கிரீன் மாத்தத்தானம்மா குடுத்தேன்? போர்டுல எப்படி அடி வரும்?" அவர் முகம் மாறிற்று. "விடிஞ்சா நாப்பது அம்மாமாருங்க கூப்பிடுவாங்க. நம்பரெல்லாம் அதுக்குள்ள கெடக்கு. பல் தேய்க்கலேன்னு ஒரு புள்ள, ஷூவக் காணோம்னு ஒரு புள்ள. நான் யாருக்குன்னு பதில் சொல்லுவேன்?"

அப்போது சின்னவன் வேலை முடிந்து உள்ளே வந்தான். நின்று கேட்டான். பிறகு டிரைவரைப் பார்க்காமல், அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னான்: "நான்தான் ஸ்க்ரூவ எல்லாம் அடுக்கிட்டேன். அண்ணிக்குத் தெரியாது."

டிரைவர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கங்கம்மா. என் போனக் குடுத்துடுங்க, போதும்" என்று முனகிக்கொண்டே பழைய போனை வாங்கிப் போனார். தெருமுனையில் யாரிடமோ அவர் அதைச் சொல்வது அவளுக்குக் கேட்டது. காலையில் பாதித் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

அவன் உண்மையைச் சொன்னானே என்று நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தொழில் தெரியாதவள் என்று ஆகிப்போனதே என்றுதான் இருந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் அவள் அந்த அறைக்குள் நுழைந்தாள்.

உதவி செய்வதாகத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். எட்டு மாதமாக ஒரு மனிதன் குப்பைக்குள் கிடக்கிறான், ஒருநாள் உட்கார்ந்து சரிபண்ணினால் என்ன. ஆனால் முதல் சட்டையை உதறிய உதறலில் உதவி இல்லை. என் மேசையில் நீ கைவைத்தாயல்லவா என்ற வேகம்தான் இருந்தது.

சட்டைகளை மடித்து அலமாரியில் வைத்தாள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எல்லாவற்றிலும் கழுத்துப்பட்டை லேபிளைக் கத்தரித்து எடுத்திருந்தான். ஒயர்களைச் சுருட்டி ஒரு பையில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். புத்தகங்கள் மேல்தட்டில். சீருடை கீழ் இழுப்பறையில். காலி அட்டைப்பெட்டிகளை மிதித்து நசுக்கிக் குப்பைவண்டியில் போட்டாள். மத்தியானத்துக்குள் தரை தெரிந்தது. கூட்டித் துடைத்தாள். நின்று பார்த்தபோது, நிஜமாகவே மனசு நிறைந்தது. இதைப் பார்த்தால் அவனுக்கே சந்தோஷமாகத்தான் இருக்கும் என்றுகூட நினைத்துவிட்டாள்.

அவன் வந்தான். கதவை வழக்கம்போல் தோளால் தள்ளினான். எதுவும் தடுக்காததால் கதவு முழுக்கத் திறந்து சுவரில் மோதியது. அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

"எங்க?" என்றான்.

"எல்லாம் அலமாரில இருக்கு தம்பி. ஒண்ணும் தொலையல. மடிச்சு வச்சிருக்கேன்."

"எங்க?" மறுபடி கேட்டான். குரல் மெல்ல உயர்ந்தது. "பெட்டியெல்லாம் எங்க?"

"அது காலிப் பெட்டிதான? போட்டுட்டேன்."

அவன் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தான். ஒரு கட்டுச் சட்டையை இழுத்துத் தரையில் போட்டான், இன்னொரு கட்டு, அப்புறம் புத்தகங்கள், இழுப்பறை. எல்லாம் மறுபடி தரைக்கு வந்தன. ஆனால் எதுவும் பழைய இடத்தில் இல்லைபோல. குவியலைக் கையால் இப்படியும் அப்படியும் நகர்த்தினான், கலைத்தான், மறுபடி குவித்தான். பிறகு அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தலையைக் கைகளுக்குள் புதைத்து, வாயை மூடிக்கொண்டே ஒரு சத்தம் எழுப்பினான். அடிபட்டவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுபோல் இருந்தது. நிற்கவே இல்லை.

அவள் வாசலில் நின்றாள். உள்ளே போகவும் பயமாக இருந்தது, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். "தம்பி" என்ற ஒரு வார்த்தைக்கே அவன் உடம்பு துள்ளியது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அது சரியா தப்பா என்று தெரியாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் சத்தம் தணிந்தது.

இரண்டு நாள் அவன் வேலைக்குப் போகவில்லை. சீருடை எது என்றே தெரியவில்லை என்றான். அது அவன் கண்முன்னால், தரையில்தான் கிடந்தது. சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் போன் செய்தார். உடம்பு சரியில்லை என்று அவள் பொய் சொன்னாள். கணவனிடம் சொன்னபோது அவன் வழக்கம்போல், "ரெண்டு நாள்ல சரியாயிடுவான்" என்றான். அவள் பேச்சை முடிக்காமலே போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை அவன் தானாகச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். அவள் தேநீரை வைத்தாள். கோப்பையின் காதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"நீங்க பண்ணது தப்பு அண்ணி."

"ஆமா. நீங்க பண்ணதும் தப்புதான்."

"ஆமா. ஆனா நான் நீங்க சொன்னீங்கன்னு பண்ணேன். நீங்க கோவத்துல பண்ணீங்க."

சுருக்கென்று இருந்தது. மறுத்துப் பேச முடியவில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. "ஆஸ்பத்திரில நாளெல்லாம் பெட்ஷீட் மடிக்கிறீங்களே, உங்க சட்டைய மடிக்க என்ன கேடு? என் மேசைய மட்டும் எப்படிப் பண்ண முடிஞ்சுது?"

அவன் யோசித்தான். அவள் அடுத்த கேள்வி கேட்காமல் வாயை இறுக மூடிக்கொண்டாள். அதுவே பெரிய பாடாக இருந்தது.

"அங்க ஒண்ணு முடிஞ்சாத்தான் இன்னொண்ணு வரும். ரூம்ல எல்லாம் ஒரே நேரத்துல இருக்கு. எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நிப்பேன். நின்னுட்டே இருப்பேன். ஒரு தடவ சாயங்காலம் வரைக்கும் நின்னிருக்கேன். உங்க மேசை சின்னது, ஒரு பார்வைக்குள்ள அடங்குது. அதான் முடிஞ்சுது."

"அப்ப அலமாரில வச்சா என்ன? உள்ளதான இருக்கு?"

"கதவ மூடினா எனக்கு அது இல்ல. எங்க தேடுறதுன்னு இல்ல, இருக்குங்கறதே மறந்துடும். வெளிய கெடந்தா அசிங்கமா இருக்கும், தெரியும். எனக்கும் புடிக்கல. ஆனா இருக்கும்."

அவள் தன் தேநீரைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. புரிந்தது என்று சொல்ல முடியாது. பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு அவளுக்குப் பொறுமை இல்லை.

"சரி. இனிமே என் மேசையத் தொடமாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாது."

"என்னது?"

"சொன்னா பொய்யாயிடும். ரூமுக்குப் போகும்போதெல்லாம் மேசை தெரியுது. தெரிஞ்சா உள்ள அரிக்குது. தினமும் கையப் பாக்கெட்டுல விட்டுட்டுத்தான் தாண்டிப் போறேன். உங்களுக்குத் தெரியாது."

அது அவளுக்குத் தெரியாதுதான். எட்டு மாதமாக அவன் பாக்கெட்டில் கைவிட்டு நடப்பதை ஏதோ ஒரு மிதப்பு என்றுதான் நினைத்திருந்தாள்.

"அப்ப என்னதான் பண்றது? நான் கடைய மூடிட்டுப் போகவா?"

"திரை போடுங்க. மேசைக்கும் நடைக்கும் நடுவுல. பூவெல்லாம் போட்ட துணி வேண்டாம். வெறும் துணி."

இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த ஒரு வார்த்தையை எட்டு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டும்விட்டாள். "யாரும் கேக்கலையே" என்றான். குத்திக்காட்டும் தொனி துளியும் இல்லை. அதனாலேயே அவளால் சண்டையைத் தொடர முடியவில்லை.

அன்றே ஒரு கம்பியைக் கட்டி, பழைய கெட்டிப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டாள். வெளிச்சம் குறைந்தது, காற்று நின்றுபோனது, வாடிக்கையாளர்கள் துணிக்கடைக்குள் வந்துவிட்டதுபோல் தடவிக்கொண்டு நின்றார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மேசை மேசையாக இருந்தது. அவனும் வேலைக்குப் போகத் தொடங்கினான். வேன் டிரைவரின் போர்டு வொர்க்ஷாப்பிலிருந்து உயிரோடு திரும்பி வந்தது. அவர் போனை வாங்கிக்கொண்டு, "டாக்டரு, இனிமே எதுனாலும் கதவச் சாத்திட்டு ஆபரேஷன் பண்ணுங்க" என்று சொல்லிப் போனார். சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

பெருமூச்சு விடுவதற்கு முன்னால்கூட யோசிக்க வேண்டியிருந்தது அவளுக்கு. 'இந்த வீட்ட விட்டு எங்கயாவது போயிடலாம்போல இருக்கு' என்று ஒருநாள் வாய்வரை வந்ததை விழுங்கினாள். இவன் பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாலும் நிற்பான்.

அந்த வாரக் கடைசியில் கணவன் வந்தான். நுழையும்போதே போர்வையில் முகம் மோதியது. "என்னது இது, கூடாரமா?" என்று சிரித்தான். சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டிக்கொண்டு, "ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்கல்ல? நான் அப்பவே சொன்னேன்" என்றான்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "ராசியெல்லாம் ஒண்ணுமில்ல. நாளைக்கு உங்களுக்கு லீவு. உங்க தம்பி ரூமுக்குள்ள போய் உக்காருங்க. ஒவ்வொரு பொருளா எடுத்து அவர் கையில குடுங்க. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. அவர் எங்க வைக்கச் சொல்றாரோ அங்க வைங்க. அலமாரிக் கதவக் கழட்டி வெளிய வச்சுடுங்க, அது வேண்டாம். எதையும் அவரக் கேக்காம தூக்கிப் போடாதீங்க."

"நானா? பத்து நாள் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன்மா. நீயே..."

"அது உங்க தம்பி. நான் ஒருதடவ பண்ணிப் பாத்தாச்சு. எனக்கு வரல."

மறுநாள் காலை திரைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து அவள் ஒரு டேப்லெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப்பக்கம் அறையிலிருந்து குரல்கள் வந்தன.

"இது வேணுமாடா?"

நீண்ட மௌனம்.

"தெரியல."

"சரி, வேணாம்னு வச்சுக்கலாமா?"

"தெரியலன்னுதான சொன்னேன். வேணாம்னு சொல்லலையே."

"டேய், இது ஒரு ஒத்த சாக்ஸுடா!"

"இன்னொண்ணு இதுக்குள்ள எங்கயோ இருக்கு."

கணவன் பெருமூச்சு விடுவது கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து அவன் திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினான். தலைமுடி கலைந்து, முகம் வேர்த்திருந்தது.

"இதுவரைக்கும் ஏழு பொருள்தான் ஆச்சு. இப்படியே போனா அடுத்த லீவுக்கும் முடியாது. எப்படிம்மா இவ்வளவு நாளு..."

"திரைய விடுங்க, வெளிச்சம் மாறுது" என்றாள் அவள். "எட்டாவதை எடுத்துக் குடுங்க. அவர் அங்க நின்னுட்டே இருப்பாரு."

அவன் போனான். அவள் ட்வீசரை எடுத்துக்கொண்டாள்.